வெறுங்கதிரை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிளிநொச்சியில் உளவளத்துணைக்குப் போய்வருகிறேன். 2009இல் காணாமல் போன அண்ணா முன்னாலுள்ள கதிரையில் இருப்பதாக நினைத்து, அவரோடு கதைக்கச் சொன்னார்கள். கூச்சத்தில் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை நினைத்து இரவெல்லாம் அழுதேன். இது சிகிச்சையா, நடிப்பா? அடுத்த கிழமை போவதா, விடுவதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

வெறுங்கதிரையோடு கதைக்கச் சொன்னால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். அதற்காக அண்ணா கோபிக்கமாட்டார்.

நடிப்பா என்றால், ஓம், நடிப்புத்தான். 1920களில் வியன்னாவில் நாடகம் நடத்திய ஜேக்கப் மொரேனோ என்ற வைத்தியர் தொடக்கிவைத்த வழி இது. எங்களுக்கும் புதிதில்லை. கோவலன் கூத்தில் கண்ணகி வழக்குரைக்கும்போது சுற்றியிருக்கும் பெண்கள் அழுவது கோவலனுக்காக மட்டுமா?

கதிரையைப் பார்த்துக் கதைப்பது பாதி வேலை. பிறகு எழுந்துபோய் அண்ணாவின் இடத்தில் இருந்து, அவராக உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். "உன்னை விட்டிட்டு நடந்தேனே" என்று வருசக்கணக்காக உள்ளுக்குள் கேட்ட கேள்விக்கு, அவருடைய ஏச்சோடும் பகிடியோடும் பதில் வரலாம். ஆவி வந்து சொல்வதல்ல. அவரை நீங்கள் அறிந்த அளவு அது.

ஒன்றில் மட்டும் கவனம். அண்ணாவுக்கு விடைகொடுத்து அனுப்பச் சொன்னால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டதும் ஆறுதலையல்ல, பதிலை. பௌலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்பை முடித்துவைக்க முடியாது, அதோடு வாழத்தான் பழகலாம் என்கிறார்.

இரவு அழுதீர்களே, அதற்குக் காரணம் அவசரமாக முடித்துவிட்டு எழும்பியதாக இருக்கலாம். கூத்து முடிந்தால் முடியைக் கழற்றி, முகத்தைக் கழுவித்தானே வீட்டுக்குப் போவார்கள்? இங்கேயும் கதிரையைப் பழைய இடத்தில் வைத்து, உங்கள் பெயரை நீங்களே சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்து, வேறு கதை கதைத்துவிட்டு எழும்ப வேண்டும்.

சரி, போங்கள். போனதும் முதலில் அந்தச் சிரிப்பையும் இரவையும் சொல்லுங்கள். நித்திரை தொடர்ந்து கெட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், கதிரைதான் வேண்டுமென்று இல்லை. பாய் விரிக்கச் சொல்லுங்கள். அண்ணா வீட்டில் கதிரையில் இருந்தா உங்களோடு கதைத்தார்?