372 வகுத்தல்கள்

ஐயா,

நான் கணிப்பொறி நிரல் எழுதுகிறவன். முழு எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 மட்டும் இடம்பெறும் 32 கட்டங்கள்) ஒதுக்கினால் அதில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 2147483647. அது பகா எண் என்று அண்மையில்தான் அறிந்தேன். வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்களா? கணிப்பொறி வருவதற்கு முன்பே அதைப் பகா எண் என்று நிறுவிவிட்டார்களாமே, எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேர்ந்தெடுக்கவில்லை, தற்செயல்தான். கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு ஒரு பிட் போனால் மிச்சம் 31. உச்ச மதிப்பு 2³¹ – 1. இதே கணக்கில் 16 பிட்டுக்கு உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு 2⁶³ – 1. அதையும் 7 மீதியின்றி வகுத்துவிடும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் இவ்வகை எண்ணும் பகு எண்தான். 15, 63 இரண்டும் அங்கேயே தோற்றுவிட்டன. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உறுதி கிடையாது: 2¹¹ – 1 = 2047 = 23 × 89.

உங்கள் இரண்டாம் கேள்விக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். நிறுவியவர் கணித மேதை ஆய்லர். 1772இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வை இழந்திருந்த நிலையில்.

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் அதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தாக வேண்டும். 2147483647இன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களே 4,700க்கு மேல். அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது மாடு செய்யும் வேலை. ஆய்லர் வேறு வழியில் போனார். p என்ற பகா எண் இதை வகுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2³¹ஐ p ஆல் வகுக்க மீதி 1. 31 பகா எண் என்பதால் 2இன் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது; 31இன் மடங்குகளான அடுக்குகளில் மட்டுமே வரும். பெர்மாவின் தேற்றப்படி p – 1 ஆவது அடுக்கிலும் மீதி 1 வர வேண்டும். ஆகவே p – 1ஐ 31 வகுத்தாக வேண்டும். அது இரட்டை எண் என்பதால் 62உம் வகுக்கும். (மேலே சொன்ன 23, 89 இரண்டிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 22, 88. அங்கே அடுக்கு 11.)

இன்னொரு பிடியும் உண்டு. 2³²ஐ p ஆல் வகுத்தால் மீதி 2. அதுவோ 2¹⁶இன் வர்க்கம். ஒரு வர்க்கம் 2ஐ மீதியாகத் தருமானால் p ஐ 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7தான் மிஞ்சும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், p ஐ 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. வர்க்கமூலத்துக்குள் அப்படிப்பட்டவை, 1ஐயும் 63ஐயும் விட்டுவிட்டால், 372தான். அவற்றிலும் பகு எண்களைக் கழித்துவிடலாம். எஞ்சிய ஒன்றும் வகுக்கவில்லை.

இந்தப் பகா எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற செவ்விய எண் (தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்; 6 = 1 + 2 + 3 போல) கிடைக்கிறது. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்றதைத் தேட எவரும் முனைய மாட்டார்கள் என்று 1811இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். மனிதர்களை அவர் சரியாக எடைபோடவில்லை. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா, 39 இலக்கமுள்ள 2¹²⁷ – 1ஐப் பகா எண் என்று நிறுவினார். அதுவும் கணிப்பொறி இல்லாமல். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒரு செய்தி. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய நிரல்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இதே எண்ணைத் தொடும். அடுத்த நொடியில் எண்ணிக்கை எதிர்மறைக்குத் தாவி, அவற்றுக்கு ஆண்டு 1901 ஆகிவிடும். உங்கள் அலுவலகத்தில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.