பெருக்கினீர்களா, கூட்டினீர்களா? முக்கோணப் பரப்பு: வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான்: முதலில் வரைபடத்தாளில் படம் போடுங்கள். போன தடவையும் இதையேதான் சொன்னேன்.

கே: (1, 1), (4, 1), (1, 3) முனைகளை 3 ஆல் பெருக்கினேன். எனக்கு 9 வருகிறது, விடைக்குறிப்பில் 27 என்று இருக்கிறது. புத்தகத்தில் தவறா?

புத்தகம் சரி. முதல் முக்கோணத்தின் பரப்பு 3 சதுர அலகு. 9 என்பது மடங்கு (3 × 3), 27 என்பது பரப்பு (3 × 9). எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

கே: எல்லா முனைகளிலும் 2 கூட்டிப் பார்த்தேன். பரப்பு மாறவே இல்லையே?

மாறாது. கூட்டினால் முக்கோணம் இடம் பெயரும், அவ்வளவுதான். பெருக்கினால்தான் வளரும். படம் போட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

கே: எக்ஸ் ஆயத்தொலைவை மட்டும் இரட்டித்தால் பரப்பு நாலு மடங்கா?

இரண்டு மடங்கு. எக்ஸை 2 ஆலும் ஒய்யை 3 ஆலும் பெருக்கினால் 6 மடங்கு. எக்ஸை இரட்டித்து ஒய்யைப் பாதியாக்கினால் பரப்பு அப்படியே நிற்கும், உருவம் மட்டும் சப்பையாகும். பொதுவாக இவை வடிவொத்த முக்கோணங்கள் அல்ல. பக்க விகிதத்தின் வர்க்கம் என்ற விதியை இங்கே கொண்டுவந்து மாட்டாதீர்கள்.

கே: −2 ஆல் பெருக்கினால் பரப்பு −4 மடங்கு என்று என் மகன் அடம்பிடிக்கிறான். முனைகளை வைத்துப் பரப்பு காணும் சூத்திரத்திலும் மைனஸ்தான் வந்தது.

இரண்டு அச்சிலும் −2 ஆல் பெருக்கினால் முக்கோணம் ஆதிப்புள்ளியைச் சுற்றி அரைச் சுற்று திரும்பி, இரண்டு மடங்கு நீளத்தில் போய் உட்காரும். பரப்பு 4 மடங்கு. இதில் முனைகளின் சுற்று வரிசைகூட மாறாது. சூத்திரத்தில் மைனஸ் வந்தது என்றால் முனைகளைக் கடிகார முள் சுற்றும் திசையில் எடுத்திருக்கிறான், எதிர்த்திசையில் எடுத்திருக்க வேண்டும். ஒரு அச்சை மட்டும் மைனஸால் பெருக்கும்போதுதான் கண்ணாடிப் பிம்பம் போல வரிசை புரளும். எப்படி வந்தாலும் குறியை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் வாங்கிய முக்கோண மனைக்குப் பத்திரத்தில் 15 சென்ட். புல வரைபட நகலை ஸ்கேல் வைத்து அளந்தேன்: அடி 6 செ.மீ., உயரம் 4 செ.மீ. அளவுத்திட்டம் 1:1000. கணக்குப் போட்டால் 30 சென்ட் வருகிறது. பாதி நிலத்தை யாரோ அமுக்கிவிட்டார்களா?

யாரும் அமுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நகல் ஏ3 தாளில் இருக்கிறதா? மூலப்படம் ஏ4 என்றால், ஜெராக்ஸ் கடையில் 141 சதவீதத்தில் பெரிதாக்கிக் கொடுத்திருப்பார்கள். நீளம் 1.41 மடங்கானால் பரப்பு அதன் வர்க்கம், ஏறக்குறைய 2 மடங்கு. தாளில் நீங்கள் கண்ட 12 சதுர செ.மீ. மூலத்தில் 6 தான். 1:1000 அளவில் ஒரு சதுர செ.மீ. என்பது 100 சதுர மீட்டர். ஆக 600 சதுர மீட்டர், சென்ட்டுக்கு 40 சதுர மீட்டர் என்று வைத்தால் 15 சென்ட். பத்திரம் சொல்வதும் அதேதான்.

இந்த ஜெராக்ஸ் விவகாரத்தில் எனக்குப் பழைய எரிச்சல் உண்டு. படம் வளரும், ஆனால் மூலையில் அச்சிட்ட "1:1000" அப்படியே இருக்கும். அந்த எழுத்து அப்போதே பொய்யாகிவிடுகிறது. நானே ஒருமுறை தம்பியின் மனைக்கு இப்படி அளந்து, எதிர் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். கடைசியில் நகலையும் மூலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. புல வரைபடத்தில் கோடுகளின் மேலேயே நீளத்தை எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை எடுங்கள், ஸ்கேலைப் பைக்குள் வையுங்கள்.

"இரண்டு மடங்கு பெரிசு" என்று சொல்லும்போது நீளமா பரப்பா என்று யாரும் யோசிப்பதில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யோசிப்பார். 4க்கு 6 பேனரை 8க்கு 12 ஆக்கச் சொல்லிப் பாருங்கள், சதுர அடிக் கணக்கில் நாலு பங்கு காசு கேட்பார். பரப்பு மட்டும் இரட்டிப்பாக வேண்டுமென்றால் பெருக்க வேண்டியது 1.41 ஆல், 2 ஆல் அல்ல.

கே: மேலே முதல் கேள்வியில் உள்ள அதே கணக்கைத்தான் நானும் போட்டேன். வரைபடத்தாளில் முக்கோணத்துக்குள் விழும் முழு எண் புள்ளிகளை எண்ணினேன். முதலில் 1, மூன்று மடங்காக்கிய பிறகு 19. ஏன் 9 ஆகவில்லை?

எண்ணிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். புள்ளிகளின் எண்ணிக்கை வேறு, பரப்பு வேறு. விளிம்பில் இருக்கும் புள்ளிகளையும் சேர்க்க வேண்டும்: முதலில் 6, பிறகு 18. உள்ளே இருப்பவை, கூட்டல் விளிம்பில் இருப்பவற்றில் பாதி, கழித்தல் 1. இதுதான் பரப்பு. 1 + 3 − 1 = 3. 19 + 9 − 1 = 27. ஜார்ஜ் பிக் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1899இல் வெளியிட்ட விதி இது. முனைகள் முழு எண்களாக இருந்தால்தான் செல்லும், அதை மறந்துவிடாதீர்கள்.

கே: ஆதிப்புள்ளிக்குப் பதில் (1, 1) முனையையே மையமாக வைத்து 3 மடங்காக்கினால் பரப்பு குறையுமா?

குறையாது. முனைகள் (1, 1), (10, 1), (1, 7) ஆகும், பரப்பு அதே 27. மையத்தை எங்கே வைத்தாலும் முக்கோணம் உட்காரும் இடம்தான் மாறும். இதற்கும் படம் போடுங்கள்.

கே: முனைகள் (2, 5), (6, 5). ஐந்து மடங்காக்கினால் பரப்பு என்ன? நாளை பரீட்சை, அவசரம்.

மூன்றாவது முனையை அனுப்புங்கள்.