வழி கேளுங்கள்: ஒரே நாளில் எத்தனை வீடு?

மதுரையிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி திரும்பக்கூடிய நினைவில்லங்கள், பழைய கோட்டைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு சீட் வண்டியில் நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் கிளம்புகிறோம். விருதுநகரில் காமராசர் வீடு, எட்டயபுரத்தில் பாரதி வீடு, ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு, பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு, முடிந்தால் பசும்பொன். எல்லாம் ஒரே நாளில் ஆகுமா?
– வாசகர், திருநகர்

வண்டி போய்விடும், நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏழில் நாலை வைத்துக்கொள்ளுங்கள்: எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, கடைசியாக விருதுநகர். சுற்று ஏறக்குறைய 290 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 21 லிட்டர் பிடிக்கும். மதுரையிலேயே நிரப்பிவிடுங்கள்.

போகிற வழியில்தானே விருதுநகர், அதை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு அங்கே நிற்பீர்கள். நினைவில்லங்கள் பத்து மணிக்குத் திறக்கும் என்று வைத்துத் திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம். வாசலில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடப்பதை விட, அந்த நேரத்தில் நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டரைக் கடந்துவிடலாம்.

அதனால் கப்பலூர், எட்டூர்வட்டம் டோல்கேட்டுகளைத் தாண்டி நேராகக் கோவில்பட்டி. எட்டரைக்கு டிபன். அங்கிருந்து கிழக்கே 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். முதலில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியையும் பாரதி மணிமண்டபத்தையும் பார்த்துவிடுங்கள். மணிமண்டபம் மக்களிடம் நிதி திரட்டிக் கட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தது. பத்து மணிக்கு பாரதி பிறந்த வீட்டுக்கு வந்துவிடலாம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் மணிமண்டபமும் இதே ஊரில்தான். பலர் அதை விட்டுவிட்டு வந்து பிறகு வருத்தப்படுகிறார்கள்.

பதினொன்றரைக்குள் எட்டயபுரத்தை விட்டுவிட வேண்டும். தூத்துக்குடி சாலையில் எப்போதும்வென்றான் தாண்டி, குறுக்குச்சாலையில் பிரிந்து ஓட்டப்பிடாரம். இங்கே நேரம் தவறினால் சிக்கல். இல்லத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரே என்றால் சாப்பாட்டு வேளையில் கதவு சாத்தியிருக்கும். வ.உ.சி. வீட்டை முடித்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி போங்கள், பக்கம்தான். சாப்பாட்டைக் கட்டி எடுத்துப்போங்கள். புளியோதரை தாங்கும், தயிர்ச்சோறு என்றால் பாலில் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கட்டினால் மதியத்துக்குப் புளிக்காது.

இரண்டேகாலுக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை, அங்கிருந்து விருதுநகர். நாலு மணிக்குக் காமராசர் வீடு. தெரு குறுகல், ஏழு சீட் வண்டியை உள்ளே நுழைக்காதீர்கள். பஜார் பக்கம் அகலமான இடத்தில் விட்டுவிட்டு நடங்கள். பார்த்து முடிக்கவும் எண்ணெய் பரோட்டாக் கடைகளில் கல் சூடாகவும் சரியாக இருக்கும்.

கயத்தாறுதான் முக்கியம் என்றால், பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து மேற்கே போய் அங்கே கன்னியாகுமரி சாலையைப் பிடித்துத் திரும்புங்கள். சுமார் 30 கிலோமீட்டர் கூடும்; விருதுநகருக்கு ஐந்து மணிக்கு மேலாகிவிடும். திருச்சுழியும் பசும்பொன்னும் வேறொரு நாளைக்கு.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை புதுசு போலத் தெரிகிறதே, கட்டபொம்மன் கோட்டை இதுதானா?
– வாசகி, கோச்சடை

இல்லை. நீங்கள் பார்த்தது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து 1801இல் கோட்டையை மறுபடி எழுப்பினார். இரண்டாவது போரிலும் அதைப் பிடித்த கம்பெனிப் படை, இடம் தெரியாதபடி தரைமட்டமாக்கிவிட்டது. அரண்மனை இருந்த இடத்தின் அடித்தளம் பக்கத்திலேயே இருக்கிறது, தொல்லியல் துறைப் பாதுகாப்பில். பெரும்பாலானோர் புதுக்கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முழங்கால் உயரம் கூட இல்லாத அந்தச் சுவர் வரிசைகளைத்தான் பார்க்க வேண்டும். அறை எவ்வளவு சிறியது, எது வாசல் என்று நடந்தே அளக்கலாம். சுவர் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

நினைவில்லம் என்றாலே போட்டோக்கள்தான், பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் போரடிக்கிறது என்கிறார்கள். வேறு என்ன காட்டுவது?
– ஆசிரியை, மேலூர்

வீட்டையே காட்டுங்கள். தென்மாவட்டப் பழைய வீடு எதுவானாலும் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மச்சு இருந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: ஒன்றரை அடிக்கு ஒன்றாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தலாகவும் குறுக்குச்சாய்வாகவும் வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் அந்தச் சாய்வரிசை தெரியும். இரும்புக் கம்பி ஒன்று கூடக் கிடையாது.

இது எங்கே கெடும் என்பதையும் காட்டலாம். மாடியில் தண்ணீர் விழும் தூம்பை இலைச்சருகு அடைத்தால் மழைத்தண்ணீர் தேங்கும். சுண்ணாம்பு ஊறி, கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். கட்டை சுவரைத் தொடும் இடத்தில் கறுப்புக் கறையோ மாவு போன்ற தூளோ இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். அடுத்து சுவரின் கீழ் மூன்றடி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சிமென்ட் பலம், சுண்ணாம்பு பலவீனம் என்று நினைத்துச் செய்த வேலைதான் பல பழைய வீடுகளைக் கெடுத்திருக்கிறது. உங்கள் மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டால் தங்கள் தாத்தா வீட்டுச் சுவரையும் போய்ப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, நீண்ட பயணம் ஆகாது. மதுரைக்குள்ளேயே ஏதாவது?
– வாசகர், செல்லூர்

இருக்கிறது, ஆட்டோவிலேயே முடியும். மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறிய வீடு. கீழே இப்போது கதர்க்கடை. படியேற முடியாவிட்டால் அம்மா கீழேயே உட்காரலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் பக்கம், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமணர் 1896இல் மரண அனுபவம் பெற்ற வீடு, இப்போது ரமண மந்திரம். மூன்றாவது தமுக்கம் காந்தி மியூசியம்: ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடம், 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்தது. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அதே வளாகத்து அரசு மியூசியத்துக்கு அன்று விடுமுறை.

எட்டயபுரம் போகும் நாளிலேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவையும் சேர்க்கலாமா?
– கல்லூரி மாணவர், திருப்பாலை

வேண்டாம். அது நுழைவுவாயில் உள்ள பூங்கா அல்ல. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை சிதறிக் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் அறிவித்தது. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது; யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றாலும் ஏறாதீர்கள். காற்றையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் இந்தப் பக்கம், அதாவது பாம்பன்காரர்கள் சொல்லும் தென்கடல், கொந்தளிப்பாக இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பார்த்து, ராமநாதபுரம் வழியாகத் தனி நாள் ஒதுக்குங்கள்.

ஐப்பசியில் போகலாமா? வண்டிக்கு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், வில்லாபுரம்

போகலாம். வெயில் இருக்காது, கரிசல் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஆனால் கோவில்பட்டிக்குக் கிழக்கே மழை பெய்திருந்தால் வண்டியைத் தார்ரோட்டை விட்டு ஓரடி கூட இறக்காதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே களி. டயர் பட்டனுக்குள், அதாவது டயரின் வெட்டுப் பள்ளங்களுக்குள், அப்பிக்கொண்டால் சக்கரம் வழுவழுப்பாகி, சுற்றுமே தவிர நகராது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். மாட்டிக்கொண்டால் காலை எடுத்துவிட்டு, பட்டனில் உள்ள மண்ணைக் குச்சியால் கிளறி எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சோளத்தட்டையோ கருவேலஞ்செத்தையோ போட்டு (முள்ளைப் பார்த்து), ஏறியிருப்பவர்களை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். அரை அடிக்கு மேல் இறங்கிவிட்டால் முயற்சி செய்ய வேண்டாம், டிராக்டர்தான்.

காற்றுப் பிடிப்பதைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். அளவு டிரைவர் பக்கக் கதவுச்சட்டத்தில் ஒட்டியிருக்கும், ஆள் நிறைய ஏறினால் அதில் உள்ள கூடுதல் அளவு. பாஸ்டேக்கில் முந்தின நாளே பணம் போட்டுவிடுங்கள். டோல்கேட்டில் நின்றுகொண்டு போட்டால் உடனே ஏறாமல் போகலாம். ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினால் ஈரக்காற்று படாமல் மூடிய டப்பாவில் வையுங்கள், பாகு நெகிழ்ந்து ஒட்டிக்கொள்ளும்.