வளையலை வைக்க வேண்டாம், ஆச்சி

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தெரிந்தவர் மூலம் ஒருவர் வீட்டுக்கே வந்திருக்கிறார். ‘ஸ்மார்ட் சிட்டி வடிவமைப்பு’ என்று ஓர் ஆன்லைன் படிப்பு, கூடவே அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இன்டர்ன்ஷிப், சர்வதேச இதழில் மகள் பெயரில் ஒரு கட்டுரை, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். கல்லூரி மதிப்பெண்ணிலும் சேர்ந்துவிடுமாம். 5,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போய்விட்டது. மீதிக்கு வளையலை அடகு வைக்கலாமா, கல்லூரி இதை ஏற்குமா என்று கேட்கிறார்.

வளையல் கையிலேயே இருக்கட்டும், ஆச்சி.

முதலில் அந்த இன்டர்ன்ஷிப். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் உண்டு. காரைக்குடி அதில் இல்லை. 2024-இல் நம் ஊர் மாநகராட்சி ஆனது வேறு கதை. அந்தத் திட்டமும் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. முடிந்துபோன திட்டத்தில் உங்கள் மகளை யார் இன்டர்ன் ஆகச் சேர்க்கப்போகிறார்கள்? கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு பந்திக்கு அழைக்கிற மாதிரி இருக்கிறது. மாநகராட்சிகளில் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் இல்லை. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு பொறியியல் பிரிவில் போய்க் கேட்க வேண்டும். மூன்று முறை அலைய விடுவார்கள். அலைவதற்குக் காசு கிடையாது. 2020-இல் ‘துலிப்’ என்ற பெயரில் அரசே நகராட்சிப் பயிற்சிக்கு ஒரு ஏற்பாடு தொடங்கியது. அது பட்டம் முடித்தவர்களுக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து படிப்பு. ‘ஸ்மார்ட் சிட்டி’ என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வாய்க்கால் நிரம்பி வழிகிறது என்பதைக் கருவிகள் அவ்வப்போது சொல்லும். அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். சிவில் படிக்கிற பிள்ளைக்கு இதில் வேண்டியது ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபட வேலை. அப்புறம் கொஞ்சம் ஐஓடி, அதாவது இணையத்தில் இணைந்த கருவிகள். இரண்டுக்கும் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகள் ‘என்பிடெல்’ என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தில் இருக்கின்றன. சேர்வதும் பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி, நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். இஸ்ரோவின் டேராடூன் மையமும் ஜிஐஎஸ் வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. அதற்கான மென்பொருளில் க்யூஜிஐஎஸ் முழுக்க இலவசம். அதையே பென் டிரைவில் போட்டு ‘சாஃப்ட்வேர் கிட்’ என்று காசு வாங்கிய ஒரு சென்டரை நானே பார்த்திருக்கிறேன். உங்களிடம் வந்தவரின் 38,000-இல் அப்படி எத்தனை இலவசம் ஒளிந்திருக்கிறதோ!

என்பிடெல் மதிப்பெண் கணக்கு சுருக்கமாக: வாராவாரம் வரும் வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். வீட்டுப்பாட விடைகள் டெலிகிராம் குழுக்களில் கிடைக்கும். அதைப் பார்த்து எழுதி 25-க்கு 24 வாங்கிய பிள்ளைகள் தேர்வு ஹாலில் விழிப்பதை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிறேன். உங்கள் மகள் அந்தக் குழுவில் இருந்தால் வெளியே வரச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கவலைப்படும் விஷயம்: கல்லூரி ஏற்குமா? சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு. கிரெடிட் என்பது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் இடம் தாராளமாக இருக்கிறது. 2016-இல் 20 சதவீதம் வரை என்று தொடங்கி, 2021 விதிகளில் 40 சதவீதம் வரை கிரெடிட்டை அரசின் ‘ஸ்வயம்’ தளத்தின் ஆன்லைன் பாடங்களில் எடுக்கலாம் என்றார்கள். என்பிடெல் பாடங்களும் அந்தத் தளத்தில்தான் நடக்கின்றன. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். ஆனால் எந்தப் பாடத்தை எதற்குப் பதிலாக ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் மகளின் கல்லூரிதான். என் மாணவி ஒருத்தி 12 வாரம் ராத்திரி கண் விழித்துப் படித்து 81 வாங்கினாள். அந்தப் பாடமும் அவள் ஏற்கெனவே வகுப்பில் முடித்த பாடமும் முக்கால்வாசி ஒன்றுதான், எனவே கிரெடிட் கிடையாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். இதை ஜூலையில் சொல்லியிருந்தால் அவள் வேறு பாடம் எடுத்திருப்பாள், சொன்னதோ டிசம்பரில். இன்னொரு பையன் 8 வாரப் பாடம் முடித்தான். அதற்கு 2 கிரெடிட். அவன் துறையில் 3 இருந்தால்தான் ஏற்பார்கள். மிச்சம் ஒன்றுக்கு 4 வாரப் பாடம் ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு மனு எழுதினான். அந்த மனு எந்த மேசையில் இருக்கிறதோ, அவன் படிப்பே முடிந்துவிட்டது. ஆகவே பாடத்தின் பெயர், எத்தனை வாரம், எதற்குப் பதில் என்று ஒரு தாளில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு மகள் பதிவு செய்யட்டும். வாய்ச்சொல் போதாது.

சில கல்லூரிகளுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கைதான் வேண்டும், அங்கீகாரக் குழு வரும்போது காட்டலாம். பிள்ளை என்ன கற்றாள் என்று கேட்க ஆளில்லை. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு என்ற சுற்றறிக்கை அந்தத் தேதி போன பிறகு ஒட்டப்படும். இந்த ஓட்டைகளில்தான் உங்கள் வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

கட்டுரை விஷயம் இரண்டு வரி. மூன்றாம் ஆண்டு பிள்ளைக்குக் கட்டுரை தேவையில்லை. ‘யுஜிசி பட்டியலில் உள்ள இதழ்’ என்று அவர் சொன்னால், தான் ஏற்கும் இதழ்களைச் சொல்லும் ‘கேர்’ பட்டியலையே யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

அவர் காட்டிய படங்களில் துபாய் கட்டடங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கானாடுகாத்தானில் நூல் பிடித்தாற்போல் ஓடும் தெருக்களை அவர் பார்த்ததில்லை போலும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள், ஓட்டுச் சரிவில் விழும் மழை முற்றத்துக்கு வரும் அமைப்பு, ஊரணிக்குப் போகும் வரத்துக்கால் எல்லாம் நகர வடிவமைப்புதானே! கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு உங்கள் ஊரணியையே எடுக்கச் சொல்லுங்கள். வரத்துக்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து ஜிஐஎஸ்ஸில் குறிக்கட்டும். நீர்மட்டம் சொல்லும் கருவி ஒன்றைப் படித்துறையில் பொருத்தட்டும். உதிரி பாகங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டில் தேர்வாளர் இரண்டாவது கேள்வி கேட்டதும் பிள்ளை வாயடைத்து நிற்பாள். இதில் நிற்க மாட்டாள், காலில் சேறு பட்டிருக்கும்.

கொடுத்த 5,000. ‘படிப்பு வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று தேதி போட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். ஜிபே ரசீதையும் அவர் தந்த நோட்டீஸையும் படம் எடுத்து வையுங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். தெரிந்தவர் மூலம் வந்தவர், மனவருத்தம் வருமே என்று தயங்குவீர்கள். அந்தத் தெரிந்தவருக்கு இதில் கமிஷன் உண்டா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.