ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்ல மூணாறு, வால்பாறை நாலு நாள் ரைடு, சாமான் வாங்க 20 ஆயிரம் பட்ஜெட். சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற சாடில் பேக் வாங்கவா, பின்னாடி பெட்டி மாட்டவா?

மதுரையில இருந்து தேனி வழியா மூணாறு, அப்புறம் மறையூர் இறங்கி உடுமலை, பொள்ளாச்சி, ஆழியார் ஏறி வால்பாறைன்னு ரூட் போட்டிருக்கீங்க, தனியா போறீங்க, அக்டோபர் கடைசி, முதல் லாங் ரைடு. கேள்வி முழுக்க பேக் பத்திதான் இருக்கு, ஜாக்கெட் கிளவுஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதனாலதான் இந்த பதிலை எழுதியே ஆகணும்னு உக்காந்தேன்.

அந்த 20 ஆயிரத்துல பதினஞ்சு உங்க உடம்புக்கு, மிச்சம்தான் பேக்குக்கு. இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. பேக் கிழிஞ்சா ஒரு ஜிப்லாக் கவரும் கயிறும் வெச்சு வீடு வந்து சேரலாம், முழங்கால் சில்லு உடைஞ்சா முடியாது.

ஹெல்மெட் நல்லதா ஏற்கனவே இருந்தா சரி, இல்லன்னா அதுதான் முதல்ல. 2021 ஜூன்ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இங்க விக்கவே கூடாதுன்னு சட்டம், ஆனாலும் ரோட்டோரத்துல போலி ஸ்டிக்கர் ஒட்டி வித்துக்கிட்டுதான் இருக்காங்க, அதனால கடைக்கே போய் தலையில மாட்டிப் பாருங்க, கன்னம் ரெண்டும் நல்லா அமுங்கணும், ஹெல்மெட்டைப் பிடிச்சு அசைச்சா தலையும் சேர்ந்து அசையணும். ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டுன்னா வெளியில கீறல் மட்டும் தெரிஞ்சாலும் உள்ள இருக்கிற தெர்மாகோல் அமுங்கிப் போயிருக்கும், அது அடுத்த அடியைத் தாங்காது, தூக்கிப் போட்டுருங்க.

ஜாக்கெட் நம்ம ஊருக்கு மெஷ்தான், அதாவது காத்து உள்ள போற வலைத் துணி. ரைனாக்ஸ், வயாடெரா மாதிரி நம்ம நாட்டு கம்பெனிகளே நல்லா பண்றாங்க, எதை வாங்கினாலும் தோள், முழங்கை பேடை வெளிய எடுத்து அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சிஇங்கிற ஐரோப்பிய முத்திரையோட லெவல் 1, லெவல் 2ன்னு போட்டிருக்கும். இஎன் 1621-1ன்னு ஒரு சோதனை இருக்கு, அடி விழுறப்ப பேடைத் தாண்டி உடம்புக்குப் போற விசை லெவல் 1ல சராசரி 35 கிலோநியூட்டன் வரைக்கும் இருக்கலாம், லெவல் 2ல 20தான். முதுகுப் பக்கத்துல நிறைய ஜாக்கெட்டுகள்ல வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும், அதை எடுத்துட்டு நல்ல பேக் ப்ரொடெக்டர் ஒண்ணு தனியா வாங்கிப் போடுங்க. ஜீன்ஸுக்கு மேல மாட்டுற முழங்கால் கார்டு, கணுக்காலை மூடுற ஷூ, உள்ளங்கையில பேட் வெச்ச கிளவுஸ், இவ்வளவும் வேணும். விழுறப்ப முதல்ல தரையில ஊன்றது கைதான்.

மழை கோட்டு ஜாக்கெட்டுக்கு மேல போடுற மாதிரி வாங்குங்க. உள்ள மாட்டுற ரெயின் லைனர்னா மழை ஆரம்பிச்சதும் ரோட்டோரத்துல நின்னு ஜாக்கெட்டைக் கழட்டி லைனரை மாட்டணும், அதுக்குள்ள பாதி நனைஞ்சுருவீங்க, வெளி ஜாக்கெட்டும் தண்ணியைக் குடிச்சு கனத்துப் போகும். மேல போடுறதுல இன்னொரு லாபம், மூணாறு குளிர்ல அதுவே காத்தைத் தடுக்கும், தனியா ஸ்வெட்டர் மூட்டை வேண்டாம், உள்ள போடுற தெர்மல் பனியன் ஒண்ணு போதும்.

இப்ப பேக். லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்காதீங்க, வெயிட் எங்க உக்காருதுன்னு பாருங்க. நான் இதை கொல்லிமலையில கத்துக்கிட்டேன். காரவள்ளியில ஆரம்பிக்கிற அந்த 70 கொண்டை ஊசி வளைவுல, பெரிய டெயில் பேக் ஒண்ணை கேரியர் கடைசியில நிக்க வெச்சுக் கட்டிட்டு ஏறினேன், டூல்ஸ், தண்ணி, ட்ரைபாட் எல்லாம் அதுக்குள்ளதான். பின் வீல் அச்சுக்குப் பின்னாடி வெயிட் போகப் போக முன் வீல் லேசாயிரும், ஏத்தத்துல இன்னும் மோசம், ஹேண்டிலைத் திருப்புறேன், வண்டி வளைவுக்கு வெளிய ஓடுது, எதிர்ல பஸ். அன்னைக்குத் தப்பிச்சேன், ஆனா அந்த நிமிஷம் இப்பவும் கண்ணுல நிக்குது.

அதே ட்ரிப்லதான் சாடில் பேக் சைலன்சர்ல சாஞ்சு உருகிச்சு. பேக்கை வீல்லயும் சைலன்சர்லயும் படாம தள்ளிப் பிடிக்கிற கம்பி, அதான் ஸ்டே, எதுவும் மாட்டாம சீட்டுக்கு மேல சும்மா தொங்கவிட்டிருந்தேன், கருகல் வாடை வந்தப்ப லாரியோடதுன்னு நினைச்சுட்டேன், நிறுத்திப் பார்த்தா பேக்ல ஓட்டை, உள்ள ரெண்டு சட்டை போச்சு. ஸ்ட்ராப் வீல்ல சிக்கியிருந்தா இன்னும் பெரிய கதை. உங்க வண்டிக்கு சைலன்சர் வலது பக்கம், அதனால சாடில் பேக் மாட்டுறதா இருந்தா ரெண்டு பக்கமும் ஸ்டே கட்டாயம், குறிப்பா வலது பக்கம் கையை உள்ள விட்டு இடைவெளி இருக்கான்னு ஆளு ஏறி உக்காந்த நிலையில பாருங்க, ஏன்னா சஸ்பென்ஷன் அமுங்குனா கணக்கு மாறிரும்.

ஆனா நீங்க தனியாதான் போறீங்க, பின் சீட்டு காலி. அதனால என் பதில், சாடில் பேக்கும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், வாயை உருட்டி மூடுற வாட்டர்ப்ரூஃப் டஃபில் பேக் 40 லிட்டர் ஒண்ணு, பின் சீட்டுல குறுக்க படுக்கப் போட்டு உங்க முதுகை ஒட்டிக் கட்டுங்க. ரெயின் கவர் போடுற பேக்கை நம்பாதீங்க, ஹைவே காத்துல பலூன் மாதிரி ஊதி கவர் பிச்சுக்கிட்டுப் போயிரும். பெட்டி பூட்டு போடலாம், தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு வசதி, ஆனா வெயிட்டைக் கொண்டுபோய் உயரத்துலயும் பின்னாடியும் வைக்குது, மலை ரோட்டுக்கு எனக்குப் பிடிக்கல.

கட்டுறதுக்கு ரெண்டு முனையிலயும் ஹூக் வெச்ச எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், இழுக்குறப்ப நழுவுனா கண்ணுல அடிக்கும், ஓடுறப்ப கழண்டா செயின்ல சுத்தும். பக்கிள் போட்டு இறுக்குற பட்டை ஸ்ட்ராப் ரெண்டு வாங்கி, மிச்ச நுனியை மடிச்சுச் சொருகிருங்க.

டூல்ஸ், பூட்டு மாதிரி கனமானது பேக்குக்குள்ள அடியில, மழை கோட்டு எல்லாத்துக்கும் மேல. பர்ஸ், ஆர்சி, மாத்திரை, சார்ஜர் சின்ன டேங்க் பேக்ல. உங்க டேங்க் இரும்பு, காந்தம் வெச்ச பேக்கே ஒட்டும், வைக்கிறதுக்கு முன்னாடி தூசியைத் துடைச்சுருங்க, இல்லன்னா பெயின்ட் கீறும். முதுகுல பேக்பேக் மாட்டிக்கிட்டு நாலு நாள் ஓட்டாதீங்க, ரெண்டாவது நாளே தோள் விட்டுப் போகும், அதுல கடினமான சாமான் இருந்து மல்லாக்க விழுந்தா முதுகெலும்புல அடிபடும். போன் மவுண்ட் வாங்குனா அதிர்வைத் தாங்குற டேம்பர் சேர்த்து வாங்குங்க, பைக் அதிர்வுல ஐபோன் கேமரா கெட்டுப் போகலாம்னு 2021ல ஆப்பிளே எச்சரிக்கை போட்டாங்க.

ஸ்போக் வீலா அலாயான்னு நீங்க சொல்லல. ஸ்போக்குன்னா டியூப் டயர், டியூப்லெஸ் டயர் ஓட்டையில குச்சி சொருகி அடைக்கிற பஞ்சர் கிட் உதவாது, முன்னாடி 19 பின்னாடி 18 இன்ச், ரெண்டுக்கும் தனித்தனியா ஸ்பேர் டியூப் எடுத்துக்கோங்க. மறையூர் தாண்டி வர்ற சின்னாறு காட்டுக்குள்ள பஞ்சர் கடை தேட முடியாது.

வாங்கின உடனே கிளம்பிராதீங்க. எல்லாத்தையும் கட்டி, பின் ஷாக்கோட ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்தை, ரெண்டு படி ஏத்தி, டயர் காத்தை மேனுவல்ல லோடுக்குப் போட்டிருக்கிற அளவுக்கு வெச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை அழகர்கோவில் வரைக்கும் போய் வாங்க. திரும்பி வந்ததும் ஸ்ட்ராப் எவ்வளவு தளர்ந்திருக்குன்னு பாருங்க, அதுக்கு ஏத்த மாதிரி மறுபடி கட்டிட்டு இங்க கமெண்ட்ல சொல்லுங்க.