விசில் ஊதியதும் திரும்பி ஓடு: வாசகர் கேள்வி, கோச் பதில்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கூடைப்பந்து நன்றாக ஆடுகிறான். ஆனால் ஃபவுல் என்று விசில் ஊதினால் போதும், கையை விரித்துக்கொண்டு நடுவரிடம் வாதாடப் போய்விடுகிறான். போன ஆட்டத்தில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து ஒழுங்கீனத்துக்கான டெக்னிக்கல் ஃபவுலும் வாங்கினான். வீட்டில் சாதுவான பிள்ளை. திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது சார்?
— ஒரு அம்மா

பதில்: அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை. 13 வயதில் காலும் கையும் கிட்டத்தட்ட பெரியவர்களைப் போல ஓட ஆரம்பித்துவிடுகின்றன, ஆனால் கோபத்துக்குக் கடிவாளம் போடுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வரைகூட ஆகிறது. அதனால் ‘கோபப்படாதே’ என்றால் அவனால் முடியாது. கோபம் வந்த பிறகு கை என்ன செய்ய வேண்டும், கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் முடியும். லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து எழும்பி வளையத்தருகே பந்தைப் போடுவதற்கு, எந்தக் காலில் எழும்புவது என்று நூறு தடவை செய்ய வைத்துத்தானே சொல்லிக் கொடுக்கிறோம், இதுவும் அப்படிப் பழக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் உங்கள் மகனை மட்டும் பாருங்கள். விசில் சத்தம் கேட்டதும் கை மேலே போகும், கண் நடுவர் பக்கம் திரும்பும், கால் நின்றுவிடும். அந்தக் கால் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவன் நின்று நியாயம் கேட்கிற நேரத்தில் எதிரணி பந்தை உள்ளே போட்டுக்கொண்டு போய்விடும், அவன் காக்க வேண்டிய ஆள் தனியாக நிற்பான். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பந்து கையில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் நடுவரிடம் கொடு, திரும்பு, ஓடு. கை விரிக்க நேரமே இருக்காது.

சொன்னால் மட்டும் வராது. பயிற்சி ஆட்டத்தில் நானே வேண்டுமென்று தப்புத்தப்பாக விசில் ஊதுவேன். ‘இன்று சில தப்பான முடிவுகள் வரும்’ என்று முன்பே சொல்லிவிடுவேன், எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டேன். முதல் நாள் ஒரே கூச்சலாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் போனால் அடங்கும். என்னிடம் ஆடிய ஒரு பையன், உங்கள் மகனைவிட முன்கோபி, விசில் கேட்டதும் பனியனின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வான், ஒரு மூச்சு விடுவான், அப்புறம் விட்டுவிட்டு ஓடுவான். நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவனாகக் கண்டுபிடித்தது. கைக்கு ஒரு வேலை இருந்ததால் அது வேறு எதையும் தேடிப் போகவில்லை. உங்கள் மகனிடமும் கேளுங்கள், ‘உன் கைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?’ என்று. அவனே சொல்வதுதான் நிற்கும்.

அந்த டெக்னிக்கல் ஃபவுலுக்கு என்ன விலை என்று ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சர்வதேச விதிப்படி எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு, போகிறது. 5 ஆனால் வெளியேற வேண்டிய அவனுடைய ஃபவுல் கணக்கில் ஒன்று ஏறுகிறது, அணியின் ஃபவுல் கணக்கிலும் ஒன்று ஏறுகிறது. இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியே. பிள்ளைகள் அறிவுரைக்குக் காது கொடுக்க மாட்டார்கள், கணக்குக்குக் கொடுப்பார்கள். இந்த ஆட்டமே அப்படிப் பிறந்ததுதான். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் பந்தோடு ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, இடிக்கக் கூடாது என்று இருந்தது, இரண்டாவது ஃபவுல் செய்தவன் அடுத்த கோல் விழும் வரை வெளியே உட்கார வேண்டும் என்றும் இருந்தது. முரட்டுத்தனம் இல்லாத ஓர் ஆட்டம் வேண்டும் என்றுதான் அவர் இதை உருவாக்கினார்.

வெளியே உட்கார வைப்பது சரியா என்றால், சரிதான், ஆனால் இரண்டு மூன்று நிமிடம் போதும். முழு ஆட்டமும் உட்கார வைத்தால் அவன் கற்றுக்கொள்வது அவமானத்தை மட்டும்தான். அப்புறம் இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் கேட்கிறேன்: அவனுடைய கோச் நடுவரிடம் எப்படிப் பேசுகிறார்? வீட்டில் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது பெரியவர்கள் நடுவரை என்ன சொல்கிறீர்கள்? பிள்ளை அதைத்தான் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போகிறான்.

கேள்வி: பயிற்சியில் 10 ஃப்ரீ த்ரோவுக்கு 8 போடுகிறேன். ஆட்டத்தில் கை நடுங்குகிறது, பாதிகூட விழுவதில்லை. எனக்குக் கவனம் போதவில்லை என்கிறார்கள். எப்படி வளர்த்துக்கொள்வது?
— 16 வயது ஆட்டக்காரி

பதில்: தங்கச்சி, நீ பயிற்சியில் போடுவதும் ஆட்டத்தில் போடுவதும் ஒன்றே அல்ல. பயிற்சியில் மூச்சு வாங்காமல் நின்று 10 வரிசையாகப் போடுகிறாய், மூன்றாவதிலேயே கை பழகிவிடுகிறது. ஆட்டத்தில் ஓடி, இடி வாங்கி, நெஞ்சு படபடக்கும்போது இரண்டே இரண்டு கிடைக்கிறது. இனிமேல் பயிற்சியிலும் அப்படியே போடு. கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு தடவை வேகமாக ஓடு, வந்து இரண்டு போடு, மறுபடி ஓடு. முதல் வாரம் உன் கணக்கு விழுந்து போகும், பயப்படாதே, அதுதான் உன் உண்மையான கணக்கு.

அப்புறம் கோட்டில் நின்றதும் செய்வதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள். நடுவர் பந்தைக் கொடுத்த பிறகு சர்வதேச விதிப்படி 5 விநாடிதான் உண்டு, எனவே அதற்குள் அடங்க வேண்டும். மூச்சை நீளமாக விடுவதைப் பந்து கைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடு. பந்து வந்ததும் இரண்டு தட்டு, விரல் நுனியில் பந்தின் கோட்டைத் தேடிப் பிடி, கண்ணை வளையத்தின் முன் விளிம்பில் ஒரு இடத்தில் வை, போடு. கண் விஷயம் நானாகச் சொல்வதல்ல. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1996இல் ஃப்ரீ த்ரோ போடுகிறவர்களின் பார்வை எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார். நன்றாகப் போடுகிறவர்களின் பார்வை, எறிவதற்கு முன் வளையத்தில் ஒரே இடத்தில் அதிக நேரம் நிலைத்திருந்தது. ‘கவனம் வை’ என்று சொன்னால் எதில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. கண்ணை எங்கே வைப்பது என்று சொன்னால் தெரியும்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன், நீ பெண் பிள்ளை, உன்னைப் பார்த்து யாராவது சிரித்திருக்கலாம் என்பதால். அமெரிக்க ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். ஃப்ரீ த்ரோவில் வாழ்நாள் முழுக்கத் தடுமாறிய அந்த மனிதர் அன்று 32க்கு 28 போட்டார். அந்தப் பருவத்தில் அவர் இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து வீசிப் போட்டுக்கொண்டிருந்தார். பலன் தந்த அந்த முறையைப் பிறகு விட்டுவிட்டார், பார்க்க நன்றாக இல்லை என்ற கூச்சத்தில். அது தன் தவறு என்று அவரே பின்னால் எழுதினார். அதே முறையில் கடைசி வரை போட்ட இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் ரிக் பேரி 100க்கு சுமார் 90 போட்டவர். உன் வரிசை மற்றவர்களுக்கு விநோதமாகத் தெரிந்தாலும் பந்து உள்ளே விழுகிறதென்றால் அதை விடாதே.

கேள்வி: 10, 11 வயதுப் பிள்ளைகள் 20 பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் பேசும்போதே பந்தைத் தட்டுகிறார்கள், ஒருவரை ஒருவர் தள்ளுகிறார்கள். தண்டனையாக ரவுண்டு ஓட விடுகிறேன், பயனில்லை. ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது?
— ஓர் உடற்கல்வி ஆசிரியர்

பதில்: ஓட்டத்தைத் தண்டனையாக்குவதை முதலில் நிறுத்துங்கள் சார், மனதார வேண்டிக் கேட்கிறேன். கூடைப்பந்தே ஓட்டம்தான், அதைத் தண்டனை என்று மனதில் பதித்துவிட்டால் நாளைக்கு டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடச் சொல்லும்போது எப்படி ஓடுவான்?

நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். இந்த வயதுக்கு அரை நிமிடம் போதும், செய்து காட்டிவிட்டு ஆட விடுங்கள். பேசும்போது பந்தை இரண்டு பாதத்துக்கும் நடுவில் தரையில் வைக்கச் சொல்லுங்கள், கையில் இருந்தால் தட்டத்தான் செய்வார்கள், பந்து அதற்காகத்தானே இருக்கிறது. தள்ளுமுள்ளு வருவது பெரும்பாலும் வரிசையில்தான். 20 பேர் ஒரே வளையத்துக்கு நின்றால் 19 பேருக்கு வேலை இல்லை. நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள், வளையம் கிடைக்காத குழு பாஸ் போடட்டும், டிரிபிள் செய்யட்டும். முடிந்தால் வளையத்தையும் இறக்குங்கள். மினி கூடைப்பந்தில் உயரம் 2.60 மீட்டர், பந்து 5ஆம் எண். பெரியவர்களின் 3.05 மீட்டருக்கு எட்டாத பிள்ளை நாலு தடவை பார்ப்பான், அப்புறம் சேட்டைக்குப் போவான்.

ஒழுங்கு என்பது சத்தம் போட்டு வருவதல்ல. 12 ஆண்டில் 10 கல்லூரி சாம்பியன் பட்டம் வென்ற அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் கோச் ஜான் வுடன், பருவத்தின் முதல் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடுவதையும் ஷூ லேஸ் கட்டுவதையும் சொல்லிக் கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள், ஆனால் காரணம் பிள்ளைக்குப் புரிகிறது. நீங்களும் இரண்டு விதி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், பிறகு மறக்காமல் தினமும் பிடியுங்கள்.

கேள்வி: ஆட்டத்தின்போது வெளியிலிருந்து மகளுக்கு ‘பாஸ் கொடு’, ‘ஷூட் பண்ணு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் எரிச்சலாகிறாள். நான் செய்வது தவறா?
— ஒரு அப்பா

பதில்: ஆமாம், நிறுத்திவிடுங்கள். 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டிய ஆட்டத்தில் கோச் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொன்னால் அவள் யாரைக் கேட்பாள்? கை தட்டுங்கள், இரண்டு அணிக்கும்.

கேள்வி: எனக்கு 15 வயது. கடைசி நிமிடங்களில் மனம் எங்கோ போய்விடுகிறது. ஸ்கோர்கூட மறந்துவிடுகிறது. கோச் திட்டுகிறார்.
— ஓர் ஆட்டக்காரன்

பதில்: தம்பி, உனக்கு மட்டும் நடப்பதல்ல இது. 1993 அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் அணி 2 புள்ளி பின்தங்கியிருந்தது, 11 விநாடி பாக்கி. பந்தோடு மூலையில் இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்ட கிறிஸ் வெபர் டைம் அவுட் கேட்டார். அணியிடம் டைம் அவுட்டே மிச்சமில்லை. டெக்னிக்கல் ஃபவுல், ஆட்டம் 77–71 என்று கைவிட்டுப் போனது. அப்போது அவருக்கு 20 வயது. அதற்குப் பிறகு 15 பருவம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆடி, 2021இல் கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார், அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்.

களைப்பும் பதற்றமும் சேர்ந்தால் முதலில் போவது இந்த ஞாபகம்தான். அதனால் ஞாபகத்தை நம்பாதே. விசில் ஊதி ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் போர்டைப் பார், வாய்விட்டுப் பக்கத்து ஆளிடம் சொல்: ஸ்கோர் என்ன, நேரம் எவ்வளவு, அணி ஃபவுல் எத்தனை, டைம் அவுட் இருக்கிறதா. முதல் குவார்ட்டரிலிருந்தே சொல்லிப் பழகு, கடைசி நிமிடத்தில் தானாக வாய்க்கு வரும்.

தூக்கத்தையும் கேட்க வேண்டும், எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? 2011இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் 11 கல்லூரி ஆட்டக்காரர்களைச் சில வாரங்களுக்கு இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களின் ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடியது, ஓட்டமும் வேகமானது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் பேதமில்லை. ஆட்டத்துக்கு முந்தைய இரவு மட்டும் தூங்கினால் போதாது, இன்றிலிருந்தே போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு. மூன்று வாரம் கழித்து மறுபடி எழுது, ஸ்கோர் ஞாபகம் இருந்ததா என்று.