சிகாகோ வரும் தம்பிக்கு: சவுத் சைடுக்குத் தாராளமாகப் போங்கள், காரை மட்டும் பார்த்து நிறுத்துங்கள்

தம்பி, வருகிற ஜனவரியில் சிகாகோவுக்கு வேலை மாற்றலாகி வருவதாக எழுதியிருந்தீர்கள். எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்கி வருவது, "சவுத் சைடு பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்கிறார்களே, நிஜமா?" என்று கேள்விகள். கூடவே பள்ளிக்கூடம், கோயில், மளிகை. மளிகையை விடுங்கள், முருங்கைக்காய் கிடைக்காமல் இந்த ஊரில் யாரும் இளைத்ததில்லை. குளிரையும், ஊரின் தெற்குப் பகுதியான சவுத் சைடையும் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நானும் ஒரு ஜனவரியில்தான் வந்து இறங்கினேன், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில். வடக்கே ரோஜர்ஸ் பார்க்கில், ஏரிக்குப் பக்கத்தில், பழைய செங்கல் கட்டடத்தின் மாடியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு. சன்னலுக்கடியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்று இருக்கும். ராத்திரியில் அது டொங் டொங்கென்று தட்டினால் நீராவி ஏறுகிறது, சூடு வரும் என்று அர்த்தம். வீட்டுக்காரர் கஞ்ச மகாபிரபு, பாதி நாள் சத்தமே வராது. அறைத்தோழன் ஒருவன் கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காய்வான். அந்தக் காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

எங்களுக்குப் புத்தி சொன்னது கீழ்வீட்டு அம்மா. கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் மிசிசிப்பியிலிருந்து பெற்றோருடன் ரயிலேறி வந்தவர். படிக்கட்டில் எங்களை நிறுத்தி, "உங்கள் வீட்டில் சூடு இருக்கிறதா?" என்று கேட்டார். நாங்கள் இளித்தோம். அவர்தான் விளக்கினார்: சூட்டை வீட்டுக்காரர் கட்டுப்படுத்தும் கட்டடமென்றால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68 டிகிரி, ராத்திரியில் 66 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நம் கணக்கில் சுமார் 20, 19 டிகிரி செல்சியஸ். வைக்காவிட்டால் நகராட்சியின் புகார் எண்ணான 311க்கு அடிக்கலாம். என் நண்பர்களுக்கோ, புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுக்கம். வாடகை வீட்டுச் சூட்டுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நம் ஆட்களுக்கு எல்லாமே விசாவில்தான் போய் முடியும். கடைசியில் அடித்தோம். டொங் டொங் திரும்பி வந்தது.

ஊரிலிருந்து ஸ்வெட்டர் சுமந்து வராதீர்கள். ஊட்டிக்கு வாங்கியது இங்கே பனியனுக்குச் சமம். 2019 ஜனவரி 30ஆம் தேதி ஓஹேர் விமான நிலையத்தில் மைனஸ் 23 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 31 செல்சியஸ். தினமும் அப்படி இருக்காது, ஆனால் அப்படியும் ஒரு நாள் வரும். நல்ல கோட்டும் தண்ணீர் புகாத பூட்ஸும் இங்கே வந்து வாங்குங்கள். ரயில் பிளாட்பாரத்தில் பட்டனை அழுத்தினால் தலைக்கு மேலே சூட்டு விளக்கு எரியும். அதற்கடியில் புறாவும் மனிதரும் தோளோடு தோள் நிற்பதைப் பார்க்கலாம். நீங்களும் கூச்சப்படாமல் போய் நில்லுங்கள்.

குளிரைவிட அதிகம் பணத்தைக் கறப்பது கார். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, முக்கியச் சாலைகளில் சுமார் 107 மைல் தூரத்துக்கு, அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை நிறுத்தத் தடை. பனி விழுந்தாலும் சரி, ஒரு பொட்டு விழாவிட்டாலும் சரி. பலகை வைத்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. காலையில் வந்து பார்த்தால் கார் இருந்த இடம் காலியாக இருக்கும். மீட்டுவர 200 டாலருக்குக் குறையாது. அப்புறம் மீட்டர் கட்டணம். 2008இல் நகரத்தின் பார்க்கிங் மீட்டர்களை 115 கோடி டாலர் சொச்சத்துக்கு 75 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர்கள் போட்ட பணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். என் பேரன் காலத்திலும் அந்த மீட்டருக்குக் காசு போட வேண்டியிருக்கும். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவார்.

பெரிய பனி விழுந்தபின் சாலையோரத்தில் உடைந்த நாற்காலி, இஸ்திரிப் பலகை, ஒரு தடவை குழந்தையின் நடைவண்டிகூட நடுவில் நிற்பதைப் பார்த்தேன். குப்பை என்று நினைத்து நகர்த்திவிடாதீர்கள். முதுகு ஒடியப் பனி வாரி அந்த இடத்தைச் சுத்தம் செய்தவர் 'இது என்னுடையது' என்று போட்டுவைத்த பட்டா அது. சட்டத்தில் இடமில்லை, ஆனால் ஊரே மதிக்கும். கீழ்வீட்டு அம்மா தன் சமையலறை நாற்காலியையே கொண்டுவந்து போடுவார். பனி வாருவதை இந்த ஊர் அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும். 1979இல் பனியை ஒழுங்காக அகற்றவில்லை என்ற கோபம்தான் மேயர் பிலாண்டிக்கைக் கவிழ்த்தது. அப்படித்தான் ஜேன் பர்ன் இந்த ஊரின் முதல் பெண் மேயரானார்.

இப்போது சவுத் சைடு. அந்தப் பக்கமே போகக்கூடாது என்று உங்களுக்குச் சொன்னவர் எந்தப் புறநகரில் இருக்கிறார் என்று நான் கேட்கப்போவதில்லை, ஊகிக்க முடிகிறது. இருபது வருஷம் இங்கே இருந்தும் அவரைப் போன்றவர்களுக்குத் தெரிந்த சிகாகோ விமான நிலையம், கோயில், மொத்தக் கடை, மாமனார் மாமியார் வந்தால் கூட்டிப்போகிற பளபள பீன்ஸ் சிற்பம், வில்லிஸ் டவர். அந்த 110 மாடிக் கட்டடத்தின் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் கான் என்பதாவது தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

குற்றம் இல்லையா? இருக்கிறது. தெருவுக்குத் தெரு மாறும். ராத்திரி ரயில் கதவோரம் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள், இது வடக்குக்கும் பொருந்தும். ஆனால் ஊரில் பாதியை 'போகக்கூடாத இடம்' என்று ஒதுக்குவது வேறு சமாச்சாரம்.

முதலாம் உலகப் போர்க் காலம் தொடங்கி 1970 வரை தெற்கு மாநிலங்களிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் இந்த ஒரு நகரத்துக்கு வந்தார்கள். கசாப்புத் தொட்டிகளிலும் எஃகு ஆலைகளிலும் வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம் என்று வெள்ளையர்கள் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்தப் பத்திரங்கள் கோர்ட்டில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். அதுவரை சவுத் சைடில் பிரான்ஸ்வில் என்ற பகுதிக்குள் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பெரிய வீடுகளை ஒற்றை அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம், மாடிக்கு ஒரு கழிப்பறை. எங்கள் கீழ்வீட்டு அம்மா வளர்ந்தது அப்படி ஒரு அறையில். நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்து அவர் மட்டும்தான் ஆச்சரியப்படவில்லை.

1919 ஜூலையில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மிச்சிகன் ஏரியில் மிதவையோடு நீந்திக்கொண்டிருந்தான். வெள்ளையர்கள் தங்களுடையதென்று நினைத்த 29ஆவது தெருக் கரைப் பக்கம் அது ஒதுங்கியது. கல்லெறிந்தார்கள், மூழ்கிப்போனான். அதன்பின் நடந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். ஏரித் தண்ணீரில் கோடு கிழித்த ஊர் இது. தெருப் பெயரைக் கேட்டே ஆளை எடைபோடும் ஊரிலிருந்து வருகிற நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் வேண்டாம். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டு உரிமைக்காக மார்க்வெட் பார்க்கில் ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. அப்புறம் கசாப்புத் தொட்டி 1971இல் மூடியது, பெரிய எஃகு ஆலை 1992இல் மூடியது. வேலை போன இடத்தில் என்ன வரும்?

அதே சவுத் சைடில், ஹைட் பார்க்கில்தான் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர் அங்கேதான் பணியாற்றினார். ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன 1967இல் அவரும் அங்கேதான் பேராசிரியர். குறிஞ்சியும் முல்லையும் அமெரிக்க வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது சவுத் சைடு வழியாக. இதை ஒரு தமிழ்ச் சங்க விருந்தில் சொன்னேன். "அப்படியா, அங்கே பார்க்கிங் சேஃப்பா?" என்று கேட்டார் ஒருவர்.

மடி வாட்டர்ஸ் என்ற பாடகர் 1943இல் மிசிசிப்பியிலிருந்து வந்து, கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை எலெக்ட்ரிக் கிடாரோடு உரக்கப் பாடியதும் இந்தப் பகுதியில்தான். ஜூனில் ப்ளூஸ் விழா நடக்கும், இலவசம், போங்கள். மே மாதம் ஒரு நாள் டெஸ்ப்ளெய்ன்ஸ் தெருவில் ஹேமார்க்கெட் சிற்பத்தையும் பாருங்கள். எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தில், 1886 மே 4 ராத்திரி குண்டு வெடித்த இடம். அடுத்த ஆண்டு நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதற்கு வேர் இங்கே இருக்கிறது. அமெரிக்காவிலோ மே 1 சாதாரண வேலை நாள். உங்கள் மேலாளர் அன்றைக்கும் மீட்டிங் வைப்பார்.

மற்றதெல்லாம் சுலபம். கோயிலுக்கு லெமாண்டும் அரோராவும், சாமானுக்கு டெவான் தெரு. ஹாட் டாக்கில் கெச்சப் ஊற்றாதீர்கள், ஊர்க்காரர்கள் முறைப்பார்கள். நேப்பர்வில்லா ஷாம்பர்க்கா என்று கேட்டீர்களே, அலுவலகம் எங்கே என்று எழுதவே இல்லை. நகரத்துக்குள் என்றால் முதல் வருஷம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள், காரே வேண்டாம். புறநகரில் என்றால் எந்த ஊர் என்று எழுதுங்கள், சொல்கிறேன்.